மருந்து இலவசம், வாங்கப் போகும் நாளுக்குக் கூலி யார் தருவது?
வடசென்னையில் இருமலை மறைக்கும் வீடுகள்

சென்னை வியாசர்பாடியில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு வீடு. நம்பரும் வேண்டாம், பேரும் வேண்டாம். புளியந்தோப்பு, காசிமேடு, ஓட்டேரி என்று எந்தப் பக்கம் நுழைந்தாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். பல வீட்டுச் சங்கதிகளை ஒரே வீட்டில் வைத்துத்தான் இங்கே சொல்லப்படுகிறது.

அந்த வீட்டில் அரிசி டிரம் ஒன்று. உள்ளே கையை விட்டால் ஒரு பிளாஸ்டிக் பை தட்டுப்படும். பைக்குள் மாத்திரை அட்டைகள்.

திருட்டு மாத்திரை அல்ல. போதை மாத்திரையும் அல்ல. அரசாங்கம் சும்மா கொடுத்த டி.பி. மாத்திரைதான். காச நோய்க்கு ஆனது. சும்மா கிடைக்கிற மருந்தை ஏன் அரிசிக்குள் புதைக்க வேண்டும்?

புதைத்தவள் அந்த வீட்டு மருமகள். வயது 34. அண்ணா நகர் பக்கம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், துணி துவைக்கிறாள். புருஷன் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், மாமியார், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் நாத்தனார். ஆறு பேருக்கு ஒரே அறை. ஜன்னல் ஒன்றுதான். அதையும் பீரோ மறைத்திருக்கிறது.

மூன்று மாத இருமல்

இருமல் தொடங்கியது ஆடியில். முதலில் மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக் குடித்தாள். பிறகு தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, கலர் கலராக மாத்திரை. போகும்போதெல்லாம் 200, 300 என்று காலி. நாலு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் மறுபடி லொக்கு லொக்கு.

டி.பி. மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்று 2014 முதல் சட்டம் இருக்கிறது. இருமல் டானிக் கேட்டு நாலாவது தடவையாக வருகிற பெண்ணை "சளியை டெஸ்ட் பண்ணும்மா" என்று திருப்பி அனுப்பச் சட்டம் கிடையாது.

சாயங்காலம் ஆனால் உடம்பு காய்ந்தது. ராத்திரி பாய் நனையும் அளவுக்கு வேர்த்தது. சோறு இறங்கவில்லை. ஜாக்கெட் தொளதொளத்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆஸ்பத்திரி சுவரிலும் டி.வி.யிலும் பார்த்திருக்கிறாள். பிறகு ஏன் போகவில்லை?

கணக்குதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் ஓ.பி. காலையில். அவளுக்கு வேலையும் காலையில். ஆறரைக்கு முதல் வீடு, பதினொன்றரைக்கு நாலாவது வீடு. ஒரு நாள் வராவிட்டால் முகம் சுளிப்பார்கள். மூன்று நாள் வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவாள். சோதனையோ ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. முதல் நாள் சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, டப்பா வாங்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் வருகிற சளியை அதில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். எக்ஸ்ரேவுக்கு ஒரு நடை. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் கொடுக்க ஒரு நடை. ரிசல்ட்டுக்கு ஒரு நடை.

இத்தனைக்கும் சளியைப் பார்க்க இப்போது அருமையான மெஷின் வந்திருக்கிறது. இரண்டே மணி நேரத்தில் கிருமி உண்டா, மருந்துக்கு மசியுமா மசியாதா என்று சொல்லிவிடும். மெஷினுக்கு இரண்டு மணி நேரம். மெஷின் வரைக்கும் போய்ச் சேர அவளுக்கு மூன்று மாதம்.

பஸ்ஸுக்குக் காசு வேண்டாம். 2021 மே மாதம் சாதா பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது அவளைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். ஆனாலும் பறிபோகிற வேலைக்கு எந்த பஸ்ஸும் ஓடாது.

ஐப்பசியில் ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தக் கீற்று தெரிந்தது. அன்றைக்குத்தான் பயந்து போனாள்.

அவள் ஆஸ்பத்திரிக்கு அலைந்த நாட்களில் நாலு வீட்டு வேலை நின்றதா? நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு மகள் போனாள். "அம்மாவுக்கு ஜுரம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

இது புதுக் கதை அல்ல. சென்னை சேத்துப்பட்டு காச நோய் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் தமிழ்நாட்டு நோயாளிகளை விசாரித்து எழுதிய ஆய்வு 1999-ல் வெளிவந்தது. அந்த வீடுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் 100-க்கு 11 பேர் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். இன்னும் 8 பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். வைத்தியத்துக்குக் கையை விட்டுப் போன காசைவிட, வேலை கெட்டதால் போன காசுதான் அதிகம் என்பதும் அதில் தெரிய வந்தது.

சானடோரியம் ஸ்டேஷன்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரெயிலில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் "சானடோரியம்" என்ற ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறார்கள். அந்தப் பேர் ஏன் வந்தது என்று கேட்டால் பலர் முழிப்பார்கள்.

1928-ல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் அங்கே காச நோயாளிகளுக்கு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியாக நடக்கிறது.

அந்தக் காலத்து வைத்தியம் என்ன? நல்ல காற்று, பால், முட்டை, மாதக் கணக்கில் படுக்கை. வசதி உள்ளவர் படுத்தார். கூலிக்காரன் ஒரு வருஷம் படுத்துவிட்டால் வீட்டில் உலை வைப்பது யார்? படுக்கவே தயார் என்றாலும் படுக்கை எங்கே? நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகள் சில ஆயிரம்.

1940-களிலும் 50-களிலும் மருந்துகள் வந்தன. மாத்திரை போட்டால் நோய் தீரும் என்று தெரிந்தது. படுக்கையும் பாலும் இல்லாமல், குடிசையில் இருந்துகொண்டே போட்டாலும் தீருமா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னைதான்.

1956-ல் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் அமைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற வெள்ளைக்காரர் முன்னின்றார். நகரத்து ஏழைப் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 200 நோயாளிகள். பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை. அரைவயிற்றுச் சாப்பாடு. முடிந்தபோது வேலைக்கும் போனார்கள்.

முடிவு 1959-ல் வந்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் இருந்தவர்களில் 86 பேருக்கு! டாக்டர்களே அசந்து போனார்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

படுக்கை முக்கியமில்லை, மாத்திரைதான் முக்கியம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கா வரைக்கும் ஏழை நாடுகளுக்கு அது வழிகாட்டியது.

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியே வீட்டைத் தேடிப் போனது.

பிறகு என்ன நடந்தது? 1997-ல் நாடு தழுவிய திட்டம் வந்தபோது, வாரத்துக்கு மூன்று நாள் ஒரு ஊழியர் அல்லது அதற்கென்று வைத்த ஆள் கண் எதிரே மாத்திரை விழுங்க வேண்டும் என்று வைத்தார்கள். மருந்து விட்டுப்போகாமல் இருக்க நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நாள் கூலிக்காரனுக்கோ அது வாரத்தில் மூன்று நாள் காலை வேலைக்கு வேட்டு. 2017-ல் தினசரி மாத்திரை முறைக்கு மாறிய பிறகுதான் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவது பரவலாக வந்தது. வீட்டு வைத்தியம் போதும் என்று சென்னை சொல்லி 58 வருஷம் கழித்து!

தனித் தட்டு

வியாசர்பாடி வீட்டுக்கு வருவோம்.

மாத்திரையைக் கொடுக்கும்போது ஊழியர் சொன்னார்: "உன் வெயிட் 38 கிலோ. தினமும் மூணு மாத்திரை. காலையில வெறும் வயித்துல. ஆறு மாசம் விடாம போடணும். வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாம்மா, செக் பண்ணிடலாம்."

எல்லாரையுமா? அங்கேதான் இடித்தது.

மாமியாருக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவருக்கு வந்தது இதே நோய். அப்போது அதற்கு எலும்புருக்கி என்று பேர். அவரைத் திண்ணையில் போட்டு, தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து, அதிலேயே அனுப்பி வைத்ததாக மாமியாரே கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். தெரிந்தால் நாளைக்கே தனித் தட்டு.

நாத்தனாருக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். "அந்த வூட்ல டி.பி. இருக்குதாமே" என்று பக்கத்து வீட்டில் ஒரு வாய் சொன்னால் போதும். பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேலை செய்கிற நாலு வீடும் போய்விடும். அதில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஆக, புருஷனுக்கு மட்டும் சொன்னாள். அவர் நல்ல மனுஷர். "இருக்கட்டும், எங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். பிள்ளைகள் இரண்டு பேரையும் "ஸ்கூல்ல மெடிக்கல் செக்கப்" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிப்போகவில்லை.

முதல் நாள் மாத்திரை போட்ட மத்தியானம் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போனது. ரத்தமோ என்று வெலவெலத்துவிட்டாள். அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் கலர்; பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் ஐந்து குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். அடுத்து வருகிறவர் பார்த்துவிடக் கூடாதே என்று இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். ஆறு மாதம் ஊற்றினாள்.

தட்டும் டம்ளரும் டி.பி.யைப் பரப்பாது. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் பரவுகிற கிருமி அது. ஒழுங்காக மாத்திரை போடத் தொடங்கிச் சில வாரத்துக்குள் மற்றவருக்குத் தொற்றுகிற வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே அந்த வீட்டுக்குத் தேவை தனித் தட்டு அல்ல, பீரோவை நகர்த்தி ஜன்னலைத் திறப்பது. பீரோவை எங்கே நகர்த்துவது என்பது வேறு பிரச்சினை.

திட்டத்து ஊழியர் வீட்டுக்கு வந்து பார்ப்பது வழக்கம். 1956-ல் சேத்துப்பட்டுக்காரர்கள் கையாண்ட அதே முறை. ஆனால் சந்துக்குள் ஒரு சர்க்கார் பை நுழைந்தால் ஐந்து வீட்டுக் கதவும் திறக்கிறது. "யாரு அது? இன்னா விஷயம்?" அதனால் அவள் கெஞ்சினாள்: "வூட்டுக்கு வராதக்கா. ரேஷன் கடையாண்ட வந்து நில்லு, நான் வரேன்." பாவம், அந்த அக்காவும் அப்படியே செய்தார். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி மாத்திரை கை மாறியது. சாராய பாட்டில் கை மாறுகிற மாதிரி!

ஆம்பளைகள் சங்கதி வேறு மாதிரி. அவர்கள் ஒளிப்பது குறைவு, விடுவது அதிகம். குடித்தால் மாத்திரை போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்!

நாளைக்கு 33 ரூபாய்

டி.பி. நோயாளி சத்தாகச் சாப்பிட மத்திய அரசாங்கம் 2018 ஏப்ரல் முதல் மாதம் ரூ.500 கொடுத்தது. 2024 நவம்பரில் அது ரூ.1,000 ஆனது. ஆறு மாதத்துக்கு ரூ.6,000, இரண்டு தவணையாக பாங்கிக் கணக்கில் விழும்.

அவளுக்குக் கணக்கு இருந்தது. வருஷக் கணக்கில் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பதால் முடங்கிக் கிடந்தது. ஆதார் அட்டையில் பழைய போன் நம்பர். அதைச் சரி செய்ய ஒரு காலை. கணக்கை உயிர்ப்பிக்க ஒரு காலை. அந்த இரண்டு காலையிலும் பாத்திரம் தேய்த்தது மகள். முதல் தவணை வருவதற்குள் தை பிறந்துவிட்டது.

மாதம் ரூ.1,000 என்றால் நாளைக்கு 33 ரூபாய். இரண்டு முட்டையும் கால் படி பாலும் வாங்கலாம். இரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, எந்தத் தாய் இரண்டு முட்டையைத் தனியாக உட்கார்ந்து தின்பாள்?

பிள்ளைக்குக் கொடுத்ததும் வீண் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் டி.பி. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். சேத்துப்பட்டு நிலையத்துக்கும் அந்த ஆய்வில் பங்கு உண்டு. முடிவு 2023-ல் வெளியானது. கூடுதல் உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 100-க்கு 39 குறைந்திருந்தது. வந்த நோய் தீர மாத்திரை போதும் என்று 1959-ல் சொன்னார்கள். பக்கத்தில் படுப்பவருக்கு வராமல் இருக்கச் சோறும் வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2022-ல் இன்னொரு நல்ல ஏற்பாடு வந்தது. நோய் கண்ட அன்றைக்கே எடை பார்ப்பது, மூச்சை எண்ணுவது, கால் வீங்கியிருக்கிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பது. மோசமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் உடனே அட்மிஷன். உயிர்ச் சேதத்தைக் குறைக்க வந்த இந்தத் திட்டத்துக்குக் 'காச நோய் இறப்பில்லாத் திட்டம்' என்று பேர். தராசும் கடிகாரமும் வைத்துக்கொண்டு செய்கிற காரியம். ஆனால் நோயாளி அந்தத் தராசு வரைக்கும் நடந்து வந்தாக வேண்டும்.

இருமல் நின்றது, ஆபத்து வந்தது

மூன்றாவது மாதம் இருமல் நின்றது. நாலு கிலோ ஏறியது. மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மூட்டு வலிக்கிறது. உடம்புதான் தேறிவிட்டதே, பிறகு எதற்கு என்று தோன்றுகிற நேரம் இதுதான்.

இங்கே விட்டவர்கள் கெட்டார்கள். அரைகுறையாக அடி வாங்கிய கிருமி, அடுத்த தடவை அந்த மருந்துக்கு மசிவதில்லை. அப்புறம் வேறு மருந்து, கூடுதல் தொல்லை. அந்த மசியாத கிருமி மற்றவருக்கும் தொற்றும்.

விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. கூவம் கரையில் குடியிருந்தவரைக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாற்றினால், அவருடைய மருந்துச் சீட்டு இங்கே, ஆள் 20, 25 கிலோமீட்டருக்கு அப்பால். பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் ஆட்கள், ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். நோயாளிக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் நாட்டில் எந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் மிச்ச மருந்தை வாங்கிக்கொள்ளலாம். அந்த நம்பர் தன்னிடம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. 1800-11-6666 என்ற இலவச டெலிபோனில் கேட்கலாம்.

2025-க்குள் டி.பி.யை நாட்டை விட்டே விரட்டுவோம் என்று 2018-ல் டெல்லியில் அறிவித்தார்கள். 2025 வந்தது. நோய் போகவில்லை. உலகத்தில் இந்த நோய் பிடிக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார்.

டிரம் காலி

வியாசர்பாடிப் பெண் விடவில்லை. ரேஷன் கடை அக்கா விடவும் விடவில்லை. சித்திரையில் கடைசி அட்டையும் தீர்ந்தது. சளியைப் பார்த்தார்கள். கிருமி இல்லை. எடை 45.

நாலு வீட்டில் ஒரு வீடு போய்விட்டது. அதுவும் நோய் தெரிந்து அல்ல, அடிக்கடி லீவு போட்டதற்காக. மகளுக்கு அட்டென்டென்ஸ் குறைந்து, பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். "உடம்பு சரியில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று எழுதவில்லை.

நாத்தனாருக்கு வரன் அமைந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம்.

மாமியாருக்குத்தான் மூன்று வாரமாக இருமல். "தூசு ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டு கஷாயம் குடிக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சளி டப்பாவை வாங்கி வந்திருக்கிறாள் மருமகள். "இது எதுக்குடி?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. டப்பா இப்போது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது.